ஒட்வாரின் மலையைக் குழியாக்கிய கதை

அண்டார்க்டிக்காவில் ஒரு மலையை நான் உண்டாக்கினேன். சில வருடங்கள் கழித்து அதை நானே குழியாக்கினேன். இடையில் அந்த இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே பனியும் காற்றும் தங்கள் பாட்டில் இருந்தன. ஆனதெல்லாம் ஒஸ்லோவில், எனக்கு.

போன மாதம் வரை இது எங்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்கிய கதை. அப்போதுதான் அபிராமி தொலைபேசி எடுத்தாள். ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஸ்ட்ரோம்மனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நான் ஓய்வு பெற்ற வரைபட அலுவலகத்தில் இப்போது வேலை செய்கிறாள். நான் முப்பது வருடம் தட்டுத்தடுமாறிப் படித்ததையெல்லாம் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடத்தில் முடித்துவிட்டு வந்தவள்.

"அங்கிள், பிஸியோ?"

"பென்ஷன்காரனிட்டை பிஸியோ எண்டு கேட்ட முதல் ஆள் நீதான் பிள்ளை. சொல்லு."

"வேலையில பழைய பெயர் அட்டையளை ஸ்கான் பண்ணிக்கொண்டிருக்கிறம். ஒண்டில பெரிய சிவப்புக் கோடு. 'இந்த இடத்தில் மலை இல்லை' எண்டு எழுதிக் கிடக்கு. கீழ உங்கட கையெழுத்து. மலையை என்ன செய்தனீங்கள்?"

"பசிச்சுது. திண்டுபோட்டன்."

அவள் சிரித்து முடிய நேரம் எடுத்தது. பிறகு, "எழுதுங்கோ அங்கிள். இப்ப எல்லாம் சட்டலைட். ஒரு ஆள் கதிரையில இருந்து கையால மலை வரைஞ்சதெண்டால் இஞ்சை ஒருத்தரும் நம்புறேல்லை. நான் அட்டையை ரெண்டு பக்கமும் ஸ்கான் பண்ணி அனுப்பிவிடுறன்" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். நம்பாவிட்டாலும் பாதகமில்லை. என்னை நம்பி ஒரு தடவை கெட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். அதில் எனக்குப் பெருமை தரும் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் இரண்டு வருடம் படவரைஞர். தோட்டக் காணிகளுக்கு எல்லை கீறினேன். நாடு இருந்த நிலையில் எல்லாரையும் போல வெளிக்கிட்டேன். வட நோர்வேயில் ஒரு வருடம் மீன் வெட்டினேன். ஒஸ்லோவில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். மீனும் சரி, கோப்பையும் சரி, என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. மொழி வகுப்பு ஆசிரியை ஒருவர் என் கொப்பியில் எழுத்துகள் அச்சடித்ததுபோல் இருப்பதைக் கண்டு, "துருவப் பகுதிகளுக்கு வரைபடம் செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் கையெழுத்து நல்ல ஆள் தேடுகிறார்கள்" என்றார். போனேன்.

அங்கே என்னை நேர்முகம் கண்டவர் குன்வோர். பெயர்ப் பிரிவுக்குப் பொறுப்பானவர். ஐம்பது வயதிருக்கும். காலில் சப்பாத்து இல்லாமல் தடித்த கம்பளிக் காலுறையோடு அலுவலகத்துக்குள் நடப்பார். பின்னால் வந்து நிற்பது தெரியாது. இந்த நாட்டில் பலரும் "ஓம்" என்பதற்குரிய "யா"வை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அது அதுவரை தெரியாது. ஒவ்வொரு பதிலுக்கும் அந்த மனுசி மூச்சை உள்ளே இழுக்க, பாவம், கடும் தொய்வு, மூச்சு முட்டுகிறது என்று நினைத்து, யன்னலைத் திறந்துவிடட்டுமா என்று கேட்டேன். வெளியில் மார்கழிக் குளிர். திறக்கச் சொன்னார். மரியாதை தெரிந்தவர். இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டே நேர்முகத்தை முடித்தோம்.

அவர் பேசியது நோர்வேஜிய மொழி. என் மண்டைக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் போய் விழுந்தது, விழுந்தபடியே எழுதுகிறேன்.

"உம்மட ஊரில மலை இருக்கோ?"

"மலை எண்டு பேருள்ள ஒரு இடம் இருக்கு. கீரிமலை."

"எவ்வளவு உயரம்?"

"உயரம் இல்லை. போனால் கடலும் ஒரு கேணியும் இருக்கும். இறங்கிக் குளிக்கலாம்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "மலை எண்டு பேர், இருக்கிறது கேணி. ஆரும் திருத்தேல்லையோ?"

"எங்கட ஊரில பேர் வைச்சால் வைச்சதுதான்."

மூச்சை உள்ளே இழுத்து ஒரு "யா" சொன்னார். வேலை கிடைத்தது. தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊரில் பிறந்தவன் துருவத்து மலைகளை வரைய உட்கார்ந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வழக்கப்படி படிவத்தில் தகப்பன் பெயரை முன்னும் என் பெயரைப் பின்னும் எழுதியிருந்தேன்: கந்தையா தர்மகுலம். நோர்வேயில் முன்னால் இருப்பதுதான் கூப்பிடும் பெயர். முதல் நாளே என்னைக் "கந்தையா" என்று கூப்பிட்டார்கள். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கதவில் பெயர்ப் பலகை ஏறிவிட்டது. என் அப்பா நோர்வேப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனால் முப்பது வருடம் அந்த அலுவலகத்தில் வேலை செய்தது அவர்தான். மலைகளுக்குச் சரியான பெயர் வைப்பதுதான் அந்த அலுவலகத்தின் தொழில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வரைந்தது அண்டார்க்டிக்காவில் ராணி மௌட் நிலம் என்ற பகுதியின் மலைத்தொடர்களை. அங்கே பனிக்கட்டி ஒரு கண்டத்தையே மூடிக் கிடக்கிறது. கரையிலிருந்து நெடுந்தூரம் உள்ளே போனால், புதைந்த மலைகளின் உச்சிகள் மட்டும் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், வெள்ளம் ஏறிய ஊரில் கூரைகள் மட்டும் தெரிவதுபோல. முதலில் கண்டவர்கள் பயத்திலோ பசியிலோ பெயர் வைத்திருக்க வேண்டும்: ஓநாய்ப்பல், பூதத்தின் கோட்டை, அரக்கனின் இருக்கை. காற்று சில இடங்களில் பனியைக் குடைந்து பெரிய குழிகள் ஆக்கிவிடும். குழிக்குள் வெண்பனி நிற்காது. அடியில் நீலப் பனிக்கட்டி கண்ணாடிபோல் கிடக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த நீலமும் பாறை மாதிரியே கறுப்பாக விழும். இதை நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

பெயர் வைப்பதற்கு ஒரு குழு இருந்தது. அதற்கு விதிகள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை. இடம், உருவம், பெயர் வந்த காரணம், முன்மொழிந்தவர், வரைந்தவர். ஒரே தாளில் ஒரே சத்தமுள்ள இரண்டு பெயர் வரக்கூடாது, வானொலியின் இரைச்சலுக்குள் ஒரு விமானி "எந்த மலை?" என்று திரும்பக் கேட்கும்படி இருக்கக்கூடாது. ஓரிடத்துக்கு வைத்த பெயரைத் தூக்கி வேறோர் இடத்துக்கு வைக்கவும் கூடாது. பழைய தாளோடு ஒருவனும் புதிய தாளோடு ஒருவனும் போனால் ஒருவரையொருவர் தேடிச் சாவார்கள். அட்டையில் காரணம் இல்லாமல் ஒன்றும் எழுதக்கூடாது. எழுதிய எதையும் அழிக்கவும் கூடாது. பிழையென்றால் சிவப்புக் கோடு, காரணம், பிழை விட்டவரின் கையெழுத்து. இந்தக் கடைசி விதியை வாசித்தபோது, கையெழுத்து அழகாக இருப்பதால் எனக்கு ஒரு குறையும் வராது என்று நினைத்தேன்.

வரைவது எப்படியென்றால், விமானம் பறந்துகொண்டே அடுத்தடுத்து இரண்டு படம் எடுக்கும். இடப் படத்தை இடக் கண்ணுக்கும் வலப் படத்தை வலக் கண்ணுக்கும் வைத்து ஒரு கருவிக்குள்ளால் பார்த்தால், தட்டையான தாளிலிருந்து மலைகள் எழும்பி மூக்கில் முட்டும். படங்களை இடம் வலமாக மாற்றி வைத்தால் எல்லாம் தலைகீழ். மலை பள்ளமாகும், பள்ளம் மலையாகும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. அதனால் புதிதாக ஒரு பாறையை வரையமுன் மூன்று சோதனை செய்ய வேண்டும் என்பது குன்வோரின் கட்டளை. படத்தின் இலக்கத்தைப் பார். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார். கடைசியாகப் படங்களை வேண்டுமென்றே மாற்றி வைத்து, மலை குழியாகிறதா என்று பார். ஒவ்வொன்றுக்கும் வேலைத்தாளில் ஒரு சரி.

வேலையில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. என் மனைவி வதனி அன்று மாலை ஒஸ்லோவில் வந்திறங்க இருந்தாள். கலியாணம் முடித்து ஆறு வாரம் சேர்ந்திருந்தோம். பிறகு மூன்று வருடம் கடிதம், விசா, கடிதம், விசா. மத்தியானமே குன்வோர் கம்பளிக் காலோடு வந்து பின்னால் நின்றார்.

"கந்தையா, வீட்டை போம்."

"இன்னும் ஒரு சோடிப் படம்தான் கிடக்கு."

"அந்தப் பனி திங்கட்கிழமையும் கிடக்கும். மனுசி கிடக்கமாட்டா."

நான் கேட்கவில்லை. வதனியிடம், "உமக்காக வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன்" என்று சொல்வதைவிட, "வேலையை முடித்துவிட்டு வந்தேன்" என்று சொல்வது ஆம்பிளைக்கு அழகு என்று நினைத்தேன். கடைசிச் சோடியை வைத்தேன். வெறும் பனிவெளி. அதன் நடுவில் கறுப்பாக ஒன்று, கூராக, தனியாக எழும்பி நின்றது! யாரும் காணாத பாறை. விமானம் திரும்பி வந்த வழியில் எடுத்த படங்கள் அவை. திரும்புகிற வழியில் இலக்கங்கள் வலமிருந்து இடமாக ஓடும். நான் வழமைபோல் இடமிருந்து வலமாக வைத்திருந்தேன். மற்றச் சோடிகளில் பெரிய மலைகள் இருந்தன. அவை பள்ளமாகியிருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். இதில் அந்த ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று சரியையும் போட்டேன். ஒரு சோதனையும் செய்யவில்லை.

விமான நிலையத்தில் வதனி என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "ஏன் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு? அழுதனீங்களோ?" கருவிக்குள் உற்றுப் பார்த்த கண். "ஓம்" என்று சொல்லிவிட்டேன். அன்று நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

அடுத்த வருடம் குழு கூடியது. அந்தப் பகுதியில் முன்பொருகாலம் போன பயணக்குழுவின் ஆட்களுக்கு ஆளுக்கொரு இடம் கொடுக்கத் தீர்மானித்தார்கள். தலைவர்மாருக்கும் விஞ்ஞானிகளுக்கும் ஏற்கெனவே மலை இருந்தது. மிஞ்சியவர் ஒட்வார் என்ற மெக்கானிக். பனியில் சாமான் இழுத்த உழவு யந்திரங்களைத் திருத்தியவர். அப்போது உயிரோடு இல்லை. அவர் யந்திரம் ஓட்டிய வழிக்குப் பக்கத்தில் பெயரில்லாமல் நின்றது என் பாறை. ஒட்வார் குன்று என்று பெயர் ஏறியது. அச்சான தாளில் ஒன்றை அவருடைய மனைவிக்குத் தபாலில் அனுப்பினார்கள்.

இரண்டு கிழமையில் அந்த அம்மா ஒரு கேக்கோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். இங்கெர் என்று பெயர். எழுபதைத் தாண்டியவர், மெலிந்த சிறிய உருவம். குன்வோர் என்னைக் காட்டி, "இவர்தான் வரைஞ்சவர்" என்றார். அந்த அம்மா என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அங்கை போன எல்லாற்ற பேரும் பேப்பரில வந்தது. அவற்ற பேர் மட்டும் ஒண்டிலயும் வரேல்லை. அவர் கவலைப்பட்டதில்லை. நான்தான் பட்டன்" என்றார்.

கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மூன்றாவதையும் வதனிக்கென்று கேட்டு வாங்கினேன். அவ்வளவு வெட்கமில்லாத மகிழ்ச்சி.

அதன் பிறகு எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பியோர்ண்டாலில் வீடு வாங்கினோம். "ஆருக்கோவெல்லாம் மலை குடுக்கிறியள், எனக்கொரு கல்லும் இல்லையோ?" என்பது வீட்டில் வதனியின் நிரந்தரப் பகிடியாகிவிட்டது. அலுவலகத்துக்கு மெல்ல மெல்ல சட்டலைட் படங்கள் வரத் தொடங்கின. ஒரு நாள் என்னுடைய தாளின் பகுதி வந்தது. ஆசையோடு ஒட்வார் குன்றைத் தேடினேன். இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் வெளிச்சம் தப்பான பக்கத்தில் விழுந்திருந்தது. சூரியன் இருந்த பக்கம் இருட்டு. எதிர்ப் பக்கம் பளிச்சென்று. மேட்டில் அப்படி விழாது. பழைய படச் சோடியை இழுத்தெடுத்து வைத்தேன். மலை. மாற்றி வைத்தேன். குழி. இலக்கத்தைப் பார்த்தேன். இரண்டாவதுதான் சரியான பக்கம்.

நான்கு நாள் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டாயிரம் பெயரில் ஒன்று. யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? வேலைத்தாளில் செய்யாத சோதனைக்குப் போட்ட மூன்று சரியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிழையென்றால் மன்னிப்பு உண்டு. பொய்ச் சரிக்கு வேலை போகும். நான் வீட்டுக் கடன் கட்டுகிறவன். ஐந்தாம் நாள், அடுத்த கோடைக்குப் போக இருந்த ஒரு குழுவின் பயண வழி சரிபார்க்க என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு வரி: "ஒட்வார் குன்றை அடையாளமாகக் கொண்டு, அதன் அடிவாரத்தை ஒட்டித் திரும்பவும்."

அடிவாரத்தை ஒட்டி. யந்திரத்தோடு. குழிக்குள்.

வீட்டில் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். வதனிக்குச் சொன்னேன், அந்த வெள்ளிக்கிழமை உட்பட.

"அப்ப விமான நிலையத்தில அழுததெண்டதும் பொய்?"

"ஓம்."

"அதை நான் அண்டைக்கே கண்டனான். அழுத ஆளுக்கு மூக்கும் சிவக்கும்." சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ. வேலை போனால் போகட்டும், எனக்கும் கோப்பை கழுவத் தெரியும். நான் வந்த நாளில வெட்டின குழிக்குள்ள ஆரும் விழக்கூடாது."

மறுநாள் காலை குன்வோரின் அறைக்குப் போனேன். மேசையில் படச் சோடியையும் வேலைத்தாளையும் வைத்து, "மூண்டு சரியும் பொய்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டினால் நல்லது என்று இருந்தது. பென்சிலை எடுத்து மெதுவாகச் சீவினார். படங்களை நான் அன்று வைத்தபடியே கருவியில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மாற்றி வைத்துப் பார்த்தார். மூச்சு உள்ளே போனது. "யா."

"நல்ல குழி" என்றார்.

வேலைத்தாளை எடுத்துத் திகதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொலைபேசியை எடுத்துப் பயணக்குழுவுக்கு வழியை மாற்றச் சொன்னார். வைத்துவிட்டு, "இனி நீர் பாறை வரையேக்குள்ள நான் பக்கத்தில இருப்பன். ஒரு வருஷத்துக்கு" என்றார். அதுதான் தண்டனை. ஒரு வருடம் முழுக்க என் ஒவ்வொரு சரிக்கும் பக்கத்தில் அந்தக் கம்பளிக் காலுறை நின்றது. பிறகு அட்டையை நீட்டினார். சிவப்பு மையால் கோடு கீறி, "இந்த இடத்தில் மலை இல்லை. வரைந்தவரின் பிழை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வதனியைப் பற்றி எழுதவில்லை. அது காரணமில்லை. தப்புவதற்கான சாட்டு.

"ஒட்வாருக்குப் பக்கத்து மலையைக் குடுக்கலாமோ?" என்று கேட்டேன்.

"பேரை நகர்த்தேலாது. உமக்கு விதி தெரியும்."

"அப்ப அந்த அம்மாவுக்கு?"

"வரைஞ்சவர்தான் போய்ச் சொல்லவேணும். நானும் வாறன். கதவைத் தட்ட மட்டும்."

இங்கெர் வெஸ்ட்லியில், ஐந்தாம் இலக்க மெட்ரோ முடிகிற இடத்தில், ஓர் அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் இருந்தார். மெட்ரோவில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஓடலாம் என்று இருந்தது. குன்வோர் கதவுப் பக்கத்து இருக்கையில், சப்பாத்துக் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். சொன்னபடி கதவைத் தட்டினார். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வாயைத் திறக்கவில்லை.

வரைபடம் சோபாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. இங்கெருக்கு எண்பதாகியிருந்தது, நடக்கும்போது கதிரைகளைப் பிடித்துப் பிடித்து நடந்தார். வாஃபில் சுட்டு, பழுப்புச் சீஸ் சீவி வைத்திருந்தார். மாடியில் இருக்கும் சோமாலியப் பிள்ளைகள் தன் மலையைப் பார்க்க வருவார்கள் என்றும், அதில் ஒருவன் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி எழுதினான் என்றும் சொன்னார். நான் வாஃபிலைத் தொடவில்லை. அதைக் கண்டே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"கேக் மூண்டு துண்டு எடுத்த ஆள் நீர். என்ன நடந்தது?"

சொன்னேன். நோர்வேஜிய மொழியில் எனக்கு அன்று வினைச்சொற்கள் எல்லாம் இடம் மாறின. இடப் படம், வலப் படம், நான் போட்ட சரி. இரண்டு வாஃபிலை எடுத்து அப்படியும் இப்படியும் மாற்றி வைத்தும் காட்டினேன்.

அவர் எழும்பி வரைபடத்துக்குக் கிட்டப் போய் நின்றார். முதுகுதான் தெரிந்தது.

"அப்ப அங்கை ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. குழி. காத்துக் குடைஞ்சது. அடியில நீலமா ஐஸ் கிடக்கும்."

"ஆழமோ?"

"இறங்கலாம் போல. பெரிசு. மூண்டு நாலு யந்திரம் நிக்கும்."

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழும்பிவிட்டேன். திரும்பினார். அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

"ஒட்வாருக்கு உயரம் எண்டால் பயம்" என்றார். "இந்த வீட்டில பல்ப் மாத்தினதெல்லாம் நான். அவருக்கு மலை குடுத்ததெண்டு கடிதம் வந்த அண்டைக்கு நான் யோசிச்சன், பாவம் மனுசன், எப்பிடி ஏறப் போறார் எண்டு."

"எங்கட ஊரிலயும் மலை எண்டு பேருள்ள இடத்தில கேணிதான் இருக்கு" என்றேன்.

"அங்கை அவர் யந்திரம் திருத்தினது வெறும் கையால. கையுறையோட சின்ன ஆணி பிடிக்கேலாது. காத்து வராத ஒரு இடம் இருந்திருந்தால் எண்டு சாகும்வரைக்கும் சொல்லுவார். ரெண்டு விரல் நுனி கடைசிவரைக்கும் உணர்ச்சி இல்லை." வரைபடத்தை விரலால் தொட்டார். "குழிக்குப் பேர் வைக்கிறேல்லையோ நீங்கள்?"

நான் குன்வோரைப் பார்த்தேன். குன்வோர் மூச்சை உள்ளே இழுத்தார்.

குழு லேசில் விடவில்லை. தலைவர் ஓய்வு பெற்ற புவியியலாளர். பனியில் உள்ள குழி இன்று இருக்கும், நாளை தூர்ந்துவிடும். நிலையில்லாத ஒன்றுக்குப் பெயர் வைப்பது காற்றுக்குப் பெயர் வைப்பது போல என்றார். ஒட்வாரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று பேச்சு போனது. இங்கெரின் முதுகு என் கண்ணுக்குள் நின்றது. குன்வோர் என்னைப் பார்த்து, "கந்தையா, உம்மட பிழையைக் காட்டும்" என்றார்.

அந்த மேசைக்கு முன்னால் எழும்பி நின்று, நான் அன்று வைத்த மாதிரியே படங்களைக் கருவியில் வைத்தேன். தலைவர் குனிந்து பார்த்தார்.

"அழகான மலை" என்றார்.

"ஓம். அதுதான் பிழை" என்று சொல்லி மாற்றி வைத்தேன். மறுபடி குனிந்தார். நிமிரவில்லை. மற்ற மூவரும் வரிசையில் வந்து பார்த்தார்கள். நான் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன், கோயில் திருவிழாவில் படப்பெட்டி காட்டுகிறவன் மாதிரி. ஒருவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்கம் ஒரு அளவுக்கு மேல் போனால் சிரிப்பாகத்தான் வெளியே வரும்.

பிறகு பக்கத்தில் சட்டலைட் படத்தை வைத்தேன். "இந்தச் சோடி எடுத்தது என்ரை பிள்ளையள் பிறக்க எத்தினையோ வருஷம் முந்தி. இது போன கோடை எடுத்தது. குழி அதே இடம். அதே உருவம். நான்தான் மாறினனான், குழி மாறேல்லை."

தலைவர் இரண்டையும் அளவுகோலால் அளந்தார். திரும்ப அளந்தார். இத்தனை காலம் தூராமல் நிற்கிறதென்றால், பனிக்கடியில் ஏதோ பாறை புதைந்து நின்று பனியை மறிக்கிறது போலும் என்றார். அப்படியென்றால் கீழே ஒரு மலை இருக்கிறது, நான் வரைந்தது முழுப் பொய் இல்லை என்று வாதாட ஒரு கணம் நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஒட்வார் குன்று ஒட்வார் பள்ளமாயிற்று. பெயர் நகரவில்லை, மலைதான் கீழே போயிற்று.

புதிய தாளைச் சட்டம் போட்டு இங்கெருக்குக் கொண்டுபோனேன். அவர் வேண்டாம் என்றார். பழையதிலேயே திருத்தச் சொன்னார். பிழை விட்ட கையாலேயே.

வரைபடத்தில் மலையும் வளையக் கோடுதான், குழியும் வளையக் கோடுதான். குழியென்றால் கோட்டின் உட்பக்கம் சின்னச் சின்னப் பற்களாகக் கீற வேண்டும், கீழே இறங்குகிறது என்பதற்கு. கண்ணாடியைக் கழற்றி, தாளை அவருடைய சாப்பாட்டு மேசையில் விரித்து, மெல்லிய பேனையால் பற்களைக் கீறினேன். இங்கெர் பூதக்கண்ணாடியோடு பக்கத்தில் நின்று, முடிய, "இனி அவருக்கு ஏறத் தேவையில்லை" என்றார். அன்று நான்கு வாஃபில் சாப்பிட்டேன்.

இங்கெர் இப்போது இல்லை. குன்வோரும் இல்லை.

அபிராமி தொலைபேசி எடுத்த அன்று பின்னேரமே அட்டையின் இரண்டு பக்கத்தையும் அனுப்பிவிட்டாள். முன்பக்கம் எனக்குத் தெரிந்தது: சிவப்புக் கோடு, என் அழகான கையெழுத்து. பின்பக்கத்தை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. அங்கே கூராகச் சீவிய பென்சிலால், குன்வோரின் எழுத்தில் மூன்று வரி. தமிழில் இப்படி வரும்:

"காரணம் முழுமையாக: வரைந்தவரின் மனைவி அன்று மாலை வந்து சேர்ந்தார். மூன்று வருடம் காத்திருந்தவர்கள். பொறுப்பாளராகிய நான் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும்."

தாளில் அச்செடுத்து வதனியிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு, நோர்வேஜிய எழுத்தை விரல் வைத்து இரண்டு தரம் வாசித்தாள்.

"இதை அழிக்கேலாதோ?"

"அழிக்கேலாது. விதி."

"அப்ப நான் வந்தது துருவத்துக் கணக்கில கிடக்கு."

"கிடக்கு. பேர்தான் போடேல்லை."

"போட்டிருந்தால் 'கந்தையான்ரை மனுசி' எண்டு, உங்கட அப்பான்ரை பேரைத்தான் போட்டிருப்பினம்" என்றாள்.

தாளைக் கொண்டுபோய்ப் பிரிட்ஜ் கதவில், பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில் காந்தத்தால் ஒட்டினாள். ஒட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

"இஞ்சாருங்கோ, நேரா நிக்குதோ?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தேன். கழற்றித் தலைகீழாக வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி நேராக வைத்தேன்.

"ஓம்" என்றேன். "நிக்குது."